பத்து அங்குலம் குறைந்த பெரிய கார்: 1977 செவர்லே கேப்ரிஸ் கிளாசிக்

டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகரில் நான் குடியிருக்கும் தெருவில், மூன்று வீடு தள்ளி, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் 1977ஆம் ஆண்டு செவர்லே கேப்ரிஸ் கிளாசிக் ஒன்றைப் பேணி வருகிறார். நான்கு கதவு செடான். 350 கன அங்குல வி8 எஞ்சின். வெளிறிய தவிட்டு நிறம். கூரையில் அதே நிறத்தில் வினைல் போர்வை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் உட்வர்டு அவென்யூவில் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலத்துக்கு அதை எடுத்துச் செல்வது அவர் வழக்கம். இம்முறை அதற்கு முந்தைய வாரம் சாவியை என் கையில் கொடுத்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஊர்வலத்தன்று அவருடைய நண்பர் ஒருவரின் 1976 கேப்ரிஸும் பக்கத்தில் வந்து நின்றதால், ஒரே பெயரைத் தாங்கி ஓராண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு கார்களையும் அளவு நாடா பிடித்து அளந்து பார்க்கவும் வாய்த்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுப் பழைய காருக்கு இப்போது விமர்சனம் எதற்கு என்று கேட்கக்கூடும். அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் கார்களின் உடம்பைக் குறைத்த அந்தச் சில ஆண்டுகளில், உள்ளே உட்காருபவருக்கு எந்தக் குறையும் வைக்காமல் அதைச் செய்த கார்கள் சிலவே. அவற்றில் முதல் வரிசையில் வருவது இது என்பது என் கருத்து. அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கத்தான் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன்.

அளவுகளிலிருந்து தொடங்குகிறேன். 1976 கேப்ரிஸின் நீளம் 222.9 அங்குலம், அதாவது பதினெட்டரை அடிக்குச் சற்று மேல். 1977 காரின் நீளம் 212.1 அங்குலம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரமாகிய வீல்பேஸ் 121.5 அங்குலத்திலிருந்து 116 அங்குலமாக இறங்கியது. அகலத்தில் நான்கு அங்குலம் அளவுக்குப் போயிற்று. எடையில் 600 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் முந்நூறு கிலோ அளவுக்குக் கரைந்தது. நான்கைந்து பேரைக் காரிலிருந்து இறக்கிவிட்டதற்குச் சமம் அது. கூடியது ஒன்றே ஒன்று: உயரம். இரண்டு அங்குலம் போலக் காரின் கூரை மேலே ஏறியது. வாகன நிறுத்துமிடத்தில் இரண்டையும் சுவரோடு ஒட்டி நிறுத்தியபோது, 1976 காரின் பின் பம்பர் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நடைபாதை வரை நீட்டிக்கொண்டிருந்தது. 1977 கார் கோட்டுக்குள் அடங்கியது.

இந்த உயரத்தில்தான் வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மனிதன் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தால் அவனுக்கு நீளம் அதிகம் தேவை. நிமிர்ந்து உட்கார்ந்தால் குறைவாகப் போதும். பழைய பெரிய அமெரிக்கக் கார்கள் தாழ்ந்தும் நீண்டும் இருப்பதையே அழகாகக் கருதியதால், பதினெட்டரை அடிக் காருக்குள்ளும் பின் இருக்கைக்காரர் முழங்காலை உயர்த்தி உட்கார வேண்டியிருந்தது. நீளத்தின் பெரும்பகுதி பானெட்டுக்கும், பின் சக்கரத்துக்கு அப்பால் தொங்கிய பின்பகுதிக்கும் போயிற்று. 1977இல் இருக்கையைச் சற்று உயர்த்தி, கூரையையும் அதற்கேற்ப உயர்த்தி, யாரும் உட்காராத இடங்களில் கத்தரி வைத்தார்கள். பின் இருக்கையில் கால் வைக்கும் இடமும் தலைக்கு மேலுள்ள இடமும் முந்தைய ஆண்டைவிடக் கூடின. டிக்கியின் கொள்ளளவும் சற்று உயர்ந்து 20.2 கன அடி ஆயிற்று. ஊருக்குப் போகும்போது விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டிகள் நான்கை வீட்டிலிருந்து எடுத்துவந்து அடுக்கிப் பார்த்தேன். நான்கும் உள்ளே போயின. கைப்பை வைக்கவும் இடம் மிஞ்சியது.

இந்தக் கத்தரிப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் காரை மதிப்பிட முடியாது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்குக் கச்சா எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அடுத்த சில மாதங்களில் பீப்பாய் விலை நான்கு மடங்காயிற்று. பெட்ரோல் நிலையங்களின் வாசலில் வரிசை தெருமுனை வரை நீண்டது. தேசம் முழுவதும் வேக வரம்பு மணிக்கு 55 மைல் ஆக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு மாடல்களில், செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கார்கள் சராசரியாகக் கேலனுக்கு 12 மைல்தான் ஓடின. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று மாற்றிப் பார்த்தால் நம்மவர்க்கு அதன் கொடுமை விளங்கும். அமெரிக்க நிறுவனங்களில் கடைசி இடம் அதற்குத்தான். வரிசைகள் நீண்டுகொண்டிருந்த 1973 டிசம்பரிலேயே நிறுவனத்தின் தலைமை, தன் கார்கள் அனைத்தையும் படிப்படியாகச் சிறிதாக்குவது என்ற முடிவை எடுத்தது. எரிபொருள் சிக்கனச் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 டிசம்பரில்தான். ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி 1978இல் கேலனுக்கு 18 மைலும், 1985இல் 27.5 மைலும் எட்டியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். அரசு விரட்டியதால்தான் கார் சிறிதாயிற்று என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். இந்தக் காரைப் பொறுத்தவரை தேதிகள் அதற்கு இடம் தரவில்லை.

சிறிய காரை அதிக விலைக்கு விற்க முடியுமா என்ற ஐயத்துக்கு விடை, ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுப் பிரிவான கேடிலாக்கிலிருந்து 1975 மே மாதம் வந்த செவில் காரில் கிடைத்திருந்தது. மற்ற கேடிலாக்குகளைவிடக் குட்டையான அந்தக் காருக்கு 12,479 டாலர் விலை வைத்தார்கள். நீண்ட லிமோசினைத் தவிர்த்தால் கேடிலாக் பட்டியலில் அதுவே விலை உயர்ந்தது, அப்படியும் விற்றது. கேப்ரிஸின் நேர்கோட்டு உருவத்தில், கூர்மையான ஓரங்களில், நெட்டுக்குத்தாக நிற்கும் பின் கண்ணாடியில் செவிலின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. வாங்குபவர் கண்ணுக்கு இது மலிந்துபோன காராகத் தெரியாமல், விலை உயர்ந்த காரின் தம்பியாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி காருக்குள் ஏறுவோம். சாவிகள் இரண்டு. சதுரத் தலையுள்ளது எஞ்சினுக்கு. நீள்வட்டத் தலையுள்ளது கதவுக்கும் டிக்கிக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அக்காலத்தில் இதுவே வழக்கம்; இருட்டில் விரலால் தடவியே எது எது என்று அறிந்துகொள்ளலாம். முன் இருக்கை வலக்கோடி வரை நீளும் பெஞ்சு. மூவர் உட்காரலாம், நடுவில் இருப்பவர் கால்களை நடுமேட்டின் இரு பக்கமும் பிரித்து வைக்கச் சம்மதித்தால். கியர் நெம்புகோல் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கிறது. ஹெட்லைட்டின் ஒளியை மேலே தூக்கவும் கீழே தாழ்த்தவும் இடக்கால் அருகே தரையில் ஒரு பொத்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. பெட்ரோல் ஊற்றும் வாயைத் தேடிக் காரை இருமுறை சுற்றி வந்தேன். அது பின்புற நம்பர் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பலகையைக் கீழே இழுத்தால் மூடி தெரிகிறது. எந்தப் பக்கத்துப் பம்பிலும் நிறுத்தலாம் என்பது இதிலுள்ள வசதி. கதவை மூடும் ஓசையில் மட்டும் 1976 கார் உயர்ந்தது என்பேன். அதன் கதவு பாதாள அறையை அடைப்பதுபோல் ‘தொம்’ என்று மூடிக்கொள்கிறது. 1977இன் கதவு சாதாரணக் காரின் கதவுபோல் மூடுகிறது. அந்த ஓசைக்காகத்தான் பலர் பெரிய கார் வாங்கினார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதில் பாதி உண்மையாவது இருக்கும்.

ஓட்டுவதில் வேறுபாடு உடனே தெரிகிறது. மிச்சிகனில் பெரிய சாலைகள் பலவற்றின் சந்திப்பில் நேரே இடப்பக்கம் திரும்ப அனுமதிப்பதில்லை. சந்திப்பைத் தாண்டிச் சென்று, நடுத் திட்டிலுள்ள இடைவெளியில் முழுவதுமாகத் திரும்பி, எதிர்ச்சாரியில் வந்து வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். உட்வர்டின் பெரும்பகுதியும் இப்படித்தான். பெரிய கார் எவ்வளவு இடம் எடுத்துத் திரும்புகிறது என்பதைச் சோதிக்க இதைவிட நல்ல களம் கிடையாது. 1977 கேப்ரிஸ் அந்த அரைவட்டத்தைத் தயக்கமில்லாமல் எடுத்தது. பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கும் அளவுக்கு அடுத்த சாரியில் வழியவில்லை. ஸ்டியரிங் வெண்ணெய் போல் இலேசானது. ஒற்றை விரலால் சுற்றலாம், ஆனால் சக்கரம் எங்கே பார்க்கிறது என்பதை அது கைக்குச் சொல்வதில்லை. இது அக்கால அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் பொதுவான குணம். உடல் தனி, அதைத் தாங்கும் சட்டகம் தனி என்ற பழைய அமைப்பையும், பின் சக்கர இயக்கத்தையும், நான்கு சக்கரத்துக்கும் சுருள் வில்லையும் அவர்கள் கைவிடவில்லை என்பதால், பள்ளங்களில் கார் மிதந்துதான் செல்கிறது. அந்த மிதப்புக்கு ஓர் எல்லை வந்திருக்கிறது என்பதே மாற்றம். வளைவில் சாய்ந்தாலும் ஒருமுறை சாய்ந்து அப்படியே நிற்கிறது, படகுபோல் அலைவதில்லை. எஃப்41 என்ற கூடுதல் சஸ்பென்ஷனைக் கேட்டு வாங்கியவர்களுக்கு இதைவிடவும் இறுக்கமான கார் கிடைத்தது. காவல்துறையினரும் டாக்சிக்காரர்களும் பல்லாண்டுகள் இந்த உடலை விடாமல் வாங்கியதற்கு, அடியில் உறுதியும் மேலே அளவும் பொருந்தியிருந்ததே காரணம்.

எஞ்சின் பட்டியலிலும் உடம்பு குறைந்தது. 1976இல் 454 கன அங்குலம் வரை வாங்கலாம். அதன் திறன் 225 குதிரைத்திறன். 1977இல் உச்சமே 350 கன அங்குலமும் 170 குதிரைத்திறனும்தான். நடுவில் 145 குதிரைத்திறன் தரும் 305; அடியில் 110 குதிரைத்திறன் தரும் ஆறு சிலிண்டர். காகிதத்தில் இது இறக்கம். சாலையில் அவ்வளவாகத் தெரியவில்லை, ஏனென்றால் இழுக்க வேண்டிய எடையும் இறங்கிவிட்டது. 350 எஞ்சின் இன்றைய நெடுஞ்சாலையிலும் வெட்கப்பட வைக்காது. ஆறு சிலிண்டர் கார் சமவெளியில் தனியாகச் செல்பவருக்குப் போதும். குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றி மலை ஏறுபவருக்குப் பொறுமை வேண்டும்.

குறைத்ததில் இழப்பே இல்லையா என்றால், உண்டு. 1976 வரை நான்கு கதவுக் காரிலும் நடுத்தூண் இல்லாத ஹார்டுடாப் உருவம் கிடைத்தது. கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டால் பக்கவாட்டில் கூரையைத் தாங்க ஒன்றுமே இல்லாததுபோல் திறந்து கிடக்கும். பெரியவரின் நண்பர் வைத்திருப்பது அந்த வகை. அதைப் பார்த்தபின் 1977 காரின் தடித்த நடுத்தூண் கண்ணை உறுத்தவே செய்கிறது. ஸ்டேஷன் வேகனில் முன்பு பின்கதவு இரண்டாகப் பிரிந்து, கண்ணாடி கூரைக்குள்ளும் கதவு தரைக்கு அடியிலும் நுழைந்துகொள்ளும் விந்தையான அமைப்பு இருந்தது. எடையும் செலவும் மிகுந்த அந்த வேடிக்கையை நீக்கிவிட்டுச் சாதாரணக் கதவைப் பொருத்தினார்கள். அதற்காக நான் கண்ணீர் விடமாட்டேன். விலை மட்டும் குறையவில்லை. ஐந்தாயிரத்துச் சொச்சம் டாலர் கொடுத்தவருக்கு முந்தைய ஆண்டைவிட முந்நூறு கிலோ இரும்பு குறைவாகக் கிடைத்தது. இரும்பை எடைபோட்டு வாங்குபவருக்கு இது நட்டக் கணக்குதான்.

இன்னொரு குறை, கேப்ரிஸில் தெரியாமல் அதன் உடன்பிறப்புகளில் வெடித்தது. ஜெனரல் மோட்டார்ஸின் மற்றப் பிரிவுகளான பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக் ஆகியவற்றின் பெரிய கார்களும் அதே ஆண்டு அதே அடிப்படையில் சிறிதாக்கப்பட்டன. ஓல்ட்ஸ்மொபீலின் 350 எஞ்சினுக்குத் தனிப்பெயரும் தனி மதிப்பும் உண்டு. அதை எதிர்பார்த்து ஓல்ட்ஸ்மொபீலின் பெரிய காரான டெல்டா 88 வாங்கியவர்களில் பலர், பானெட்டைத் திறந்தபோது செவர்லேயின் 350 எஞ்சின் இருப்பதைக் கண்டார்கள். வழக்குகள் எழுந்தன, நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. செவர்லே வாங்கியவருக்குச் செவர்லே எஞ்சின் கிடைத்ததில் எந்தக் குறையும் இல்லை என்பதால், கேப்ரிஸின் மதிப்பெண்ணில் நான் கை வைக்கவில்லை.

சந்தை என்ன தீர்ப்புச் சொன்னது என்பது பதிவாகியிருக்கிறது. அந்த மாடல் ஆண்டில், இதே உடலில் வந்த மலிவான இம்பாலாவும் கேப்ரிஸும் சேர்ந்து 6,60,000-க்கும் மேல் விற்றன. மோட்டார் டிரெண்ட் இதழ் 1977ஆம் ஆண்டின் சிறந்த காராகக் கேப்ரிஸைத் தேர்ந்தெடுத்தது. ஃபோர்டு நிறுவனம் அந்த நேரத்தில் தன் பெரிய காரான எல்டிடி இன்னும் பழைய அளவிலேயே இருப்பதைப் பெருமையாக விளம்பரம் செய்தது. இரண்டே ஆண்டுகளில், 1979 மாடலில், அதே எல்டிடியின் வீல்பேஸ் 121 அங்குலத்திலிருந்து 114 அங்குலச் சொச்சத்துக்கு இறங்கியது. அப்போது விளம்பரமும் சுருதி மாறியது. அந்தப் புதிய ஃபோர்டு அடித்தளம் 2011 வரை நீடித்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். கிரைஸ்லரும் 1979இல் தன் பெரிய கார்களைக் குறைத்தது. ஆனால் ஈரானில் ஏற்பட்ட மாற்றத்தால் அதே ஆண்டு எண்ணெய் விலை மறுபடி ஏறவே, அந்தக் கார்கள் கடையிலேயே தேங்கின. அந்நிறுவனம் அரசின் கடன் உத்தரவாதத்தைக் கேட்கும் நிலைக்கு வந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் தொட்டதெல்லாமும் துலங்கிவிடவில்லை. 1978இல் செவர்லேயின் நடுத்தர அளவுக் காரான மாலிபுவைச் சிறிதாக்கியபோது பின் கதவுக் கண்ணாடிகள் இறங்காதபடி நிலையாகப் பொருத்திவிட்டார்கள். கண்ணாடியை இறக்கும் பொறி போனதால் எடை குறைந்தது. கதவைக் குடைந்து முழங்கைக்கு இடமும் எடுத்தார்கள். பொறியாளரின் தாளில் எல்லாம் சரிதான். ஜூலை வெயிலில் பின் இருக்கையில் அடைபட்ட குழந்தைகளுக்கு அந்தத் தாளைக் காட்டிப் பயனில்லை. ஓரத்தில் திறக்கும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டுதான் அவர்களுக்குக் கிடைத்தது. பயணி பயன்படுத்தும் ஒன்றிலேயே கத்தரி வைத்த மாலிபுவை நினைத்துக்கொண்டு கேப்ரிஸின் பின் கதவைத் திறந்தால், 1977இல் செய்தவர்கள் எதைத் தொடாமல் விட்டார்கள் என்பது தெரிகிறது. கேப்ரிஸின் நான்கு கண்ணாடிகளும் இறங்குகின்றன.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் சிறிதான இந்தக் காரை, வளைகுடாவின் அரபு நாடுகளே பின்னாளில் தலையில் வைத்துக் கொண்டாடின. எண்பதுகளின் தொடக்கத்தில் குவைத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா ஊருக்கு அனுப்பிய புகைப்படம் ஒன்றில், முதலாளியின் வெள்ளைக் கேப்ரிஸின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். அம்பாசடரைத் தவிர வேறு பெரிய காரைப் பார்த்திராத எங்களுக்கு, அது ஒரு ‘சிறிய’ கார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இன்று ஒன்றை வாங்க நினைப்பவருக்குச் சில சொற்கள். இதே உடல் 1980இல் சற்றுத் திருத்தப்பட்டு 1990 வரை வந்தது என்பதால் எஞ்சின், பிரேக் உதிரிகளுக்குப் பஞ்சமில்லை. வினைல் கூரையுள்ள காரானால் அதன் ஓரங்களை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நீர் தங்கி அடியில் துருவேறுவது அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றுக்கும் உள்ள நோய். எடை குறைப்பதற்காகவே உருவாக்கப்பட்ட 200 வகை ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி வி8 எஞ்சினுக்குத் தாக்குப்பிடிக்காது என்று பெயர் எடுத்தது. அதை எடுத்துவிட்டு வலுவான 350 வகைக் கியர்பெட்டியை யாராவது பொருத்தியிருந்தால் அதைக் குறையாக எண்ணாமல் கூடுதல் விலை கொடுக்கலாம். 1977 முதல் 1979 வரை வந்த இரண்டு கதவுக் கூபேயின் பின் கண்ணாடி, சூடேற்றிய கம்பியால் இரு ஓரங்களிலும் கூர்மையாக மடிக்கப்பட்டது. கண்ணாடியைக் காகிதம்போல் மடித்திருக்கிறார்களே என்று வியந்து நிற்கத் தோன்றும். அது உடைந்தால் மாற்றுக் கண்ணாடிக்கு அலைய வேண்டியிருக்கும் என்பதால், அழகுக்கு ஆசைப்படாதவர்கள் செடானை வாங்கட்டும்.

எனக்குக் கொடுப்பதாக இருந்தால் 350 எஞ்சினும் எஃப்41 சஸ்பென்ஷனும் உள்ள, வினைல் போர்த்தாத செடான் போதும். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, வினைல் வேண்டாம் என்பவனுக்குத் தன் காரை விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, சதுரத் தலைச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.